உலகப் பெருமந்தமும் உலகப் போரும் – இதில் நம்மவர்கள் எங்கே?

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் தன் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்துடன் என்னிடம் வந்தான். ஹிட்லர் பாடம். "தாத்தா, இதுல ஜெர்மனி இருக்கு, அமெரிக்கா இருக்கு, ஜப்பான் இருக்கு. நம்ம ஆளுங்க யாரையும் காணோமே. நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டான்.

"இருக்கப்பா, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றேன். அடுத்த வாரம் அரை மணி நேரம் பேசினேன். பாதி கூட முடியவில்லை. மீதியை இங்கே எழுதியிருக்கிறேன். நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். ஆகையால் என் பாடம் ரயில் பாதை ஓரமாகவே போகும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் புத்தகத்தில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கொடுத்திருந்த கடனைத் திரும்பக் கேட்டன. ஜெர்மானியத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 1932 தொடக்கத்தில் அங்கே வேலையில்லாதோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். 1928 தேர்தலில் ஹிட்லரின் கட்சி வாங்கிய வாக்கு நூற்றுக்கு 2.6 தான். 1930 இல் அது 18.3 ஆயிற்று. 1932 ஜூலையில் 37.3. 1933 ஜனவரி 30 ஆம் தேதி ஹிட்லர் பிரதமரானார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரொட்டி வாங்கக் கூடை நிறையப் பணம் கொண்டுபோன கதையைப் பலரும் சொல்வார்கள். அந்தப் பயங்கர விலைவாசி உயர்வு 1923 இல் நடந்தது. அதற்கு ஐந்து வருஷம் கழித்தும் ஹிட்லருக்கு நூற்றில் மூன்று பேர் கூட ஓட்டுப் போடவில்லை. ஆகவே விலை ஏறியதால் மட்டும் சர்வாதிகாரி வந்துவிடவில்லை. வேலை போனது, வேலை போன சமயத்தில் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி உதவித் தொகையையும் சம்பளத்தையும் வெட்டியது, பாராளுமன்றத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவசரச் சட்டங்களாலேயே ஆளவும் பழகியது. ஹிட்லர் வருவதற்கு முன்பே கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

இனி நம்மவர்கள் கதைக்கு வருகிறேன்.

பால்மரம் பால் தந்தது, விலை தரவில்லை

அமெரிக்காவில் மோட்டார் கார் விற்றால்தான் மலாயாவில் ரப்பர் விற்கும். 1929 க்குப் பிறகு கார் வாங்குவோர் குறைந்தார்கள். 1932 இல் ரப்பர் விலை, 1929 இல் இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து போன நம் ஜனங்கள். ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்திருந்தார்கள். அதைப் படிப்படியாக வெட்டினார்கள். பிறகு ஆட்களையே வெட்டினார்கள். 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பினாங்கில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள்.

என் பாட்டியின் தம்பி அவர்களில் ஒருவர். 1931 இல் தகரப் பெட்டி ஒன்றும் குடை ஒன்றுமாக வந்து இறங்கினார் என்று பாட்டி சொல்லுவாள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. சின்ன வயதில் குடையைப் பற்றித்தான் கேட்டேன்.

ஊரில் மட்டும் என்ன இருந்தது? நெல் விலை பாதிக்கும் கீழே போயிருந்தது. நிலவரியோ ரூபாய்க் கணக்கில் அப்படியே நின்றது. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டிய வரிக்கு இப்போது இருபது மூட்டை விற்க வேண்டும். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்கத் திட்டத்தைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ரூபாயில் ஏறியது. கஷ்டப்பட்ட குடும்பங்கள் நகையை விற்றன. கிராமத்துப் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்த தங்கம் பம்பாய்த் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயிற்று. அந்நாளில் நம் நாட்டிலிருந்து இப்படி வெளியேறிய தங்கம் பல நூறு கோடி ரூபாய் பெறும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் நஷ்டம் இல்லை. பஞ்சு மலிவாகக் கிடைத்தது. 1932 இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. நிலத்தில் போட்ட பணம் ஆலைக்குத் திரும்பிற்று. கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகியது இந்த மந்தக் காலத்தில்தான்.

நிலம் கேட்காதவருக்கு நிலம் வந்தது

பர்மாவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே ஐராவதி ஆற்றுப் படுகையில் காட்டை அழித்து நெல் பயிரிட்ட பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். நிலம் ஈடு. நெல் விலை நன்றாக இருந்தவரை வட்டி ஒழுங்காக வந்தது, இருவருக்கும் குறையில்லை. 1930 இல் நெல் விலை விழுந்தது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் செட்டியார் பெயருக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930 இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர். மொத்த விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு. 1937 இல் அது 24 லட்சம் ஏக்கருக்கு மேல். நூற்றுக்கு 25 பங்கு.

செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது சுழலும் பணம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பிறருடைய டெபாசிட்டுக்கு வட்டி கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். விற்க முடியாத நிலம் அவர்கள் தலையில் விழுந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மியனுக்கு இது எப்படித் தெரியும்? நெல் விலையை வீழ்த்தியவன் நியூயார்க்கில் இருக்கிறானா, லண்டனில் இருக்கிறானா என்று அவன் கண்டானா? அவன் கண்ணுக்குத் தெரிந்தது, பக்கத்துக் கடைத்தெருவில் கணக்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த தமிழர் ஒருவர்தான்.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம் மூண்டது. வேலைநிறுத்தம் செய்த தெலுங்குக் கூலிகளுக்குப் பதிலாகப் பர்மியரை வேலைக்கு எடுத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் அந்தப் பர்மியரை வெளியே அனுப்பினார்கள். அன்றே வெட்டும் குத்தும் தொடங்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்தியர். அதே ஆண்டு டிசம்பரில் தாராவடி ஜில்லாவில் சாயா சான் என்பவர் தன்னையே அரசனாக அறிவித்துக்கொண்டு விவசாயிகளைத் திரட்டினார். கிளர்ச்சியை ஒடுக்க இந்தியாவிலிருந்து பட்டாளம் போயிற்று. 1931 இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் கசப்பு அவரோடு போய்விடவில்லை. 1938 இல் மறுபடியும் இந்தியருக்கு எதிரான கலவரம். 1942 இல் ஜப்பானியர் வந்தபோது, பாதுகாப்பில்லாத இந்தியர்கள் லட்சக்கணக்கில் மலையும் காடும் கடந்து நடந்தே அசாமுக்கும் மணிப்பூருக்கும் வந்தார்கள். வழியில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். ரங்கூனில் பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா தாம் நடந்து வந்த கதையை 'பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதியிருக்கிறார். கிடைத்தால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் வங்கிகளையும் தேசியமயமாக்கினார். எஞ்சியவர்களில் பெரும் பகுதியினர் அப்போது கைவீசிக்கொண்டு சென்னைக்கு வந்தார்கள். பர்மா பஜார் என்ற பெயர் நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பெயருக்குள் 1930 ஆம் வருஷத்து நெல் விலையும் இருக்கிறது.

முக்டனில் ஒரு தண்டவாளம்

ஜப்பானுக்கு வருவோம். ஜப்பான் தன் பட்டை அமெரிக்காவுக்கு விற்றுத்தான் இரும்பும் எண்ணெயும் பருத்தியும் வாங்கிக் கொண்டிருந்தது. நாட்டின் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கச்சாப் பட்டு. அமெரிக்கப் பெண்களின் பட்டுக் காலுறைதான் ஜப்பானியக் குடியானவனுக்குச் சோறு. காலுறை விற்பனை படுத்தது. பட்டு விலை சரிந்தது. அந்த நேரம் பார்த்து 1930 ஜனவரியில் ஜப்பான் அரசாங்கம் பழைய மதிப்பிலேயே தங்கத் திட்டத்துக்குத் திரும்பியது. புயல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தது மாதிரி. வடகிழக்கு ஜில்லாக்களில் விளைச்சலும் கெட்டது. பெற்ற பெண்களை விற்ற குடும்பங்கள் உண்டு. ராணுவத்தில் இருந்த சிப்பாய்களும் இளம் அதிகாரிகளும் அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அரசியல்வாதியும் பணக்காரனும் சேர்ந்து நாட்டை விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு அவர்களிடம் எளிதாக எடுபட்டது.

1930 நவம்பரில் பிரதமர் ஹமாகுச்சி டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். அடுத்த ஆண்டு அந்தக் காயத்தாலேயே இறந்தார். 1932 பிப்ரவரியில் முன்னாள் நிதி மந்திரி இனோவுயே கொல்லப்பட்டார். அதே ஆண்டு மே 15 ஆம் தேதி பிரதமர் இனுக்காயைக் கடற்படை இளைஞர்கள் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். விசாரணையின்போது கொலையாளிகளுக்குக் கருணை காட்டச் சொல்லி நாடு முழுவதிலிருந்தும் மனுக்கள் குவிந்தன. கொலையைவிட எனக்கு அச்சம் தருவது அந்த மனுக்கள்தான்.

இதற்கு நடுவே 1931 செப்டம்பர் 18 ஆம் தேதி இரவு, மஞ்சூரியாவில் முக்டன் நகரத்துக்கு அருகே ஜப்பானியருக்குச் சொந்தமான ரயில் பாதையில் ஒரு வெடி வெடித்தது. வைத்தது ஜப்பானிய ராணுவ அதிகாரிகளேதான். பழி சீனர் மேல். சேதம் எவ்வளவு தெரியுமா? சற்று நேரத்தில் வந்த ரயில் அதே இடத்தைத் தாண்டி முக்டன் ஸ்டேஷனுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. என் செக்‌ஷனில் இப்படி நடந்திருந்தால், "வண்டி சற்றுக் குலுங்கியது" என்று டிரைவர் அடுத்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருப்பார். நான் டிராலியில் போய்ப் பார்த்திருப்பேன். கேங்மேன்கள் ஒரு மணி நேரத்தில் துண்டுத் தண்டவாளம் போட்டுச் சரி செய்திருப்பார்கள். அவர்கள் அதைக் காரணம் காட்டி மஞ்சூரியா முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். டோக்கியோவில் இருந்த அரசாங்கம் வேண்டாம் என்றது, ராணுவம் கேட்கவில்லை.

ஜப்பானின் தப்பை மட்டும் சொன்னால் போதாது. மந்தம் வந்ததும் ஒவ்வொரு நாடும் தன் கதவைச் சாத்தியது. 1930 இல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியது. 1932 இல் கனடாவில் ஓட்டவா நகரத்தில் கூடிய பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகள் தங்களுக்குள் சலுகை, வெளியாருக்கு வரி என்று முடிவு செய்தன. 1933 இல் இந்தியாவில் பிரிட்டன் அல்லாத நாட்டுத் துணிக்கு நூற்றுக்கு 75 வரி. குறி ஜப்பான்தான். நம் ஆலை முதலாளிகளும் அதைக் கேட்டு வாங்கியவர்களே. பதிலுக்கு ஜப்பான் நம் பருத்தியை வாங்க மறுத்தபோது பருத்தி விவசாயிகள் அலறினார்கள். 1934 இல் மலாயாவிலும் இலங்கையிலும் ஜப்பானியத் துணிக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. சாம்ராஜ்யம் உள்ளவன் வீட்டுக்குள் வியாபாரம் செய்து கொள்வான், இல்லாதவன் என்ன செய்வது என்று ஜப்பானியத் தளபதிகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பதிலில் துளியும் இல்லை.

தடம் புரண்ட வண்டி

ரயில் தடம் புரண்டால் விசாரணை நடக்கும். பாதைக்காரன் வண்டிச் சக்கரத்தைக் குறை சொல்வான். வண்டிக்காரன் பாதையைக் குறை சொல்வான். இருவரும் சேர்ந்து டிரைவரின் வேகத்தைச் சொல்வார்கள். நானும் அப்படிப்பட்ட விசாரணைகளில் டேப்பைப் பிடித்து அளந்தவன். பெரும்பாலும் ஒரே காரணமாக இருக்காது. பாதையில் கொஞ்சம் பள்ளம், சக்கரத்தில் கொஞ்சம் தேய்மானம், வளைவில் கொஞ்சம் அதிக வேகம். மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

உலக மந்தம் எல்லா நாட்டுக்கும் பாதையில் விழுந்த பள்ளம். அமெரிக்காவில் 1933 இல் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. அங்கே சர்வாதிகாரி வரவில்லை, தேர்தலில் ரூஸ்வெல்ட் வந்தார். இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் பாராளுமன்றம் நின்றது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வண்டி ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அங்கே ராணுவம் மக்கள் பிரதிநிதிகளுக்குக் கட்டுப்பட்டுப் பழகவில்லை. ஜனநாயகத்தை மனதார விரும்பாதவர்கள் பெரிய பதவிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜப்பான் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் இதைக் காணவில்லை. 1931 டிசம்பரில் நிதி மந்திரியாக வந்த தக்காஹாஷி தங்கத் திட்டத்தை விட்டார், யென் மதிப்பை இறங்க விட்டார், அரசாங்கச் செலவைக் கூட்டினார். மற்ற நாடுகளுக்கு முன்பே ஜப்பான் மந்தத்திலிருந்து எழுந்துவிட்டது. எழுந்த பிறகு, ராணுவச் செலவைக் குறைக்க வேண்டும் என்றார் அவர். 1936 பிப்ரவரி 26 ஆம் தேதி ராணுவ அதிகாரிகள் அவரைப் படுக்கையிலேயே கொன்றார்கள். ஆக, காய்ச்சல் இறங்கிவிட்டது. காய்ச்சலைச் சாக்கிட்டு வீட்டுக்குள் வந்தவன்தான் போக மறுத்தான். 1937 இல் சீனாவோடு முழுப்போர். 1941 டிசம்பர் 8 ஆம் தேதி மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது.

சயாம் மரண ரயில்

1934 முதல் ரப்பர் விலை மெல்லத் தேறியது. தோட்டங்களுக்கு மறுபடி ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்தில் மறுபடி கப்பல் நின்றது. என் பாட்டியின் தம்பி 1937 இல் இரண்டாம் முறை போனார். 1938 இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அவர் அதற்கு முந்திய வருஷமே போய்விட்டார்.

ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவிலிருந்து ரப்பரை எங்கே அனுப்புவது? அமெரிக்காவும் இங்கிலாந்தும் எதிரி நாடுகள். தோட்டங்கள் மூடிக் கிடந்தன. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வருவது குறைந்தது. மரவள்ளிக் கிழங்கு சாப்பாடாயிற்று. 1931 இல் வேலை போனவனுக்கு ஊருக்குக் கப்பலாவது இருந்தது. 1942 இல் அதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானியருக்கு ஒரு ரயில் பாதை தேவைப்பட்டது. பர்மா முனைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்பினால் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்தன. சயாமில் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். மூன்று பகோடா கணவாய் வழியாக, மலையும் ஆறும் மலேரியாக் காடும். முன்பு பிரிட்டிஷ்காரர்கள் யோசித்துப் பார்த்து இது வேண்டாம் என்று விட்ட பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 25 ஆம் தேதி திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 16 மாதம்.

நான் மீட்டர் கேஜ் பாதையில் சில காலம் வேலை பார்த்தவன். அந்தத் தூரத்தையும் அந்த மாதங்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நம் பக்கத்துக் கர்ஜத் – லோணாவளா மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய்க்குப் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து ரசிக்கிறோம். முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான அந்த மலையேற்றத்துக்கு 1856 முதல் 1863 வரை ஏழு வருஷம் ஆயிற்று. அதிலேயே காலராவிலும் விபத்திலும் பல ஆயிரம் கூலிகள் இறந்தார்கள். சயாமிலோ இயந்திரம் மிகக் குறைவு. மண்வெட்டி, கூடை, சம்மட்டி, யானை. தண்டவாளத்தை மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கழற்றிக் கொண்டு வந்தார்கள். சினிமாவால் பேர் பெற்ற பாலத்தின் இரும்பு வளைவுகளை ஜாவாவிலிருந்து கொண்டு வந்தார்கள். இயந்திரத்துக்குப் பதில் மனிதர்களைப் போட்டார்கள்.

ஏறத்தாழ 60,000 வெள்ளைக்காரப் போர்க் கைதிகள். அவர்களில் 12,000 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் வரை; தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 க்கும் மேல், அதில் பெரும்பாலோர் நம்மவர். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். தோட்டத்தில் பட்டினி கிடந்தவன் நம்பினான். நம்பாதபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பிடித்துப் போனார்கள். கூட்ஸ் வண்டியில் பான் பொங் வரை. அதற்கு மேல் காட்டில் நடை. 1943 மழைக் காலத்தில் காலரா வந்தது. கைதிகளுக்காவது அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸ் குழியைத் தள்ளி வெட்டு என்று சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளுக்கு யாரும் இல்லை. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அதாவது கைதிகளில் ஐந்தில் ஒருவர், கூலிகளில் ஏறத்தாழ இரண்டில் ஒருவர்.

ஒரு ஸ்லீப்பர் கட்டைக்கு ஓர் உயிர் என்று சொல்வது வழக்கம். கணக்குப்படி அது சரியில்லை. கிலோமீட்டருக்கு 1,400 கட்டை என்று வைத்தால் 415 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து லட்சத்து எண்பதாயிரம் கட்டை. இறந்தவர்கள் மொத்தம் ஒரு லட்சம் என்றால் ஆறு கட்டைக்கு ஓர் உயிர். ஒரு தண்டவாளத்தின் நீளத்தில் மூன்று பேர். கணக்கைத் திருத்துவதால் துக்கம் குறையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்தப் பாதையில் ஒரு பகுதி, நாம் தோக் வரை, இன்றும் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகள் பாலத்தில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள்.

நம் வீட்டுக்குப் பக்கத்தில்

"இப்போதும் அப்படி வருமா தாத்தா?" என்று அந்த மாணவன் கேட்டான். 1973 இல் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றின. நம் நாட்டில் அதற்கு முந்திய மழையும் பொய்த்திருந்தது. 1974 இல் விலைவாசி நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஏறியது. எனக்கு அப்போது பதினாலு வயது. ரேஷன் கடை வரிசையில் பையுடன் நின்றதுதான் என் உலகப் பொருளாதார அனுபவம். அந்த மே மாதம் 8 ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை. ஏறத்தாழ 17 லட்சம் ஊழியர்கள். மூன்று வாரத்தில் முறிந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 25 ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் நெருக்கடி நிலை. எண்ணெய் விலை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அலகாபாத் தீர்ப்பும் இருந்தது, அதிகார ஆசையும் இருந்தது. ஆனால் விலைவாசியால் நொந்து போயிருந்த மக்களில் பலர், "பரவாயில்லை, ஒழுங்கு வந்ததே" என்றார்கள். நம் எரவாடா சிறை நிரம்பிக் கொண்டிருந்தபோது, ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று பெருமையாகப் பேசினார்கள். முசோலினி காலத்து இத்தாலியிலும் இதே பேச்சு. சர்வாதிகாரிகளுக்கு ஏன் எப்போதும் எங்கள் டிபார்ட்மென்ட் மேலேயே கண் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 1977 இல் மக்கள் ஓட்டுப் போட்டு அதை மாற்றினார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2022 இல் இலங்கையில் பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை, கையிருப்பில் டாலர் இல்லை. அங்கே கஷ்டம் ஒரு பலசாலியைக் கொண்டு வரவில்லை. இருந்த பலசாலியை ஜூலை மாதம் நாட்டை விட்டே ஓட வைத்தது.

கட்கியில் நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போகும் வழியில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாணவனை ஒரு நாள் அங்கே அழைத்துப் போனேன். இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்கள்; ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள். ஒவ்வொன்றிலும் பேர், படைப்பிரிவு, தேதி. புல்லை ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். இதே மாதிரி ஒன்று தாய்லாந்தில் காஞ்சனபுரியிலும் இருக்கிறது, கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், மரண ரயிலில் இறந்த போர்க் கைதிகளுக்கு என்று சொன்னேன். "நம்ம ஆளுங்களுக்கு?" என்றான். சில ஆண்டுகளுக்கு முன் தமிழர்கள் சேர்ந்து அந்த ஊரில் ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். ஆனால் இறந்த ஒவ்வொருவர் பேரையும் அதில் எழுத முடியாது. பேர்ப் பட்டியல் இருந்தால் அல்லவா எழுத!

என் பாட்டியின் தம்பியிடமிருந்து கடைசிக் கடிதம் 1941 இல் வந்தது. சிரம்பான் பக்கம் ஏதோ ஒரு தோட்டம். அவர் ரயில் பாதைக்குப் போனாரா, தோட்டத்திலேயே காய்ச்சலில் போனாரா, எங்களுக்குத் தெரியாது. பாட்டி சாகும்வரை அவருக்குத் திதி கொடுக்க ஒப்பவில்லை.

கேம்பிலும் கட்கியிலும் ராஸ்தா பேட்டிலும் உள்ள நம் குடும்பங்களில் சிலர் பட்டாளத்தோடு வந்தவர்களின் வழியினர். சிலர் ரயில்வேயோடு வந்தவர்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பரண் மேல் மலாயா, பர்மா, சிலோன் முத்திரை குத்திய கடிதமோ, கப்பல் சீட்டோ, கூலிச் சீட்டோ, போட்டோவோ இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நேரத்தில் கொண்டு வாருங்கள். அந்த மாணவனும் அவன் கூட்டாளிகளும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, விவரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, அசலை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முதல் பக்கத்தில் என் பாட்டியின் தம்பி பேரை எழுதியாயிற்று.